விடாத கை

கண்ணாடி உடைகிற சத்தம் அவளுக்குப் புதிதில்லை. வாழ்க்கைப்பட்டு இந்தக் கடைக்குள் கால் வைத்த நாளிலிருந்து கேட்கிறாள். பின்னறையில் உட்கார்ந்து படங்களுக்குச் சட்டம் அடித்தபடியே, முன்னால் உடைந்தது ஜன்னல் துண்டா, அலமாரிக் கதவா என்று நிமிராமலே சொல்லிவிடுவாள்.

இன்று உடைந்தது முழு ஷீட். அதற்காக அவள் எழுந்திருக்க மாட்டாள். ஆனால் அடுத்த நொடியே ஒரு மனுஷன் அலறினான். அதற்குத்தான் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கடை நடுவில் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். இடது தோளிலிருந்து முழங்கை வரை சட்டை கிழிந்து, கிழிசலுக்குள் சதையும் கிழிந்திருந்தது. பொத்திப் பிடித்த விரல்களுக்கிடையே ரத்தம் வழிந்தது. சுற்றிலும் தரை முழுக்கச் சில்லு.

அவள் புருஷன் நின்ற இடத்திலேயே நின்றான். தெருவே அவனை ‘வைரம்’ என்றுதான் கூப்பிடும். வைர முனை வைத்த கருவியால் அவன் கண்ணாடியில் ஒரு கோடு இழுத்தால் மறுகோடு தேவைப்படாது. அதனால் வந்த பேர். அவன் வலது கையில் உடைந்த ஷீட்டின் மூலை ஒன்று இன்னும் இருந்தது. அதன் விளிம்பு உள்ளங்கைக்குள் இறங்கி, மணிக்கட்டு வழியாக ரத்தம் சொட்டியது. அவனுக்கு வலித்த மாதிரியே தெரியவில்லை.

“போச்சுன்னு கத்தினேனா இல்லையா?” கொழுந்தன் தொண்டை கிழியக் கேட்டான். “காது அடைச்சுக்கிச்சா உனக்கு?”

அந்தக் கடையில் ‘போச்சு’ என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. ஷீட் தூக்கும்போது யாருக்குப் பிடி நழுவினாலும் அந்த ஒரு வார்த்தைதான். கேட்ட மாத்திரத்தில் இரண்டு பக்கமும் கையை எடுத்துவிட்டுப் பின்னால் குதிக்க வேண்டும். ஏந்திப் பிடிக்க நினைக்கவே கூடாது. கண்ணாடி வேறு வாங்கலாம், கழுத்து வாங்க முடியாது. இதைத் தம்பிக்குத் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தவனே வைரம்தான்.

தம்பி விட்டான். அண்ணன் விடவில்லை. ஒரு பக்கம் மட்டும் பிடிபட்ட ஷீட் சுழன்று, குதிக்கப் போனவன் தோளில் வாள் மாதிரி இறங்கிவிட்டது.

“வேணும்னே பண்ணினான் அண்ணி! என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னான்!”

அவளுக்கு ஆச்சரியமில்லை. சத்தம் கேட்டு வாராவாரம் இந்த வீட்டு வாசலை எட்டிப் பார்க்கிற அக்கம்பக்கத்தவர்களுக்கும் இருக்காது. சில மாதங்களாகவே வைரத்தின் கை பிடித்ததை விடுவதில்லை. முதலில் கதவுக் கைப்பிடி, தண்ணீர் டம்ளர். பிறகு அவள் மணிக்கட்டு. எலும்பு டாக்டர், அவன் மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்று பட்டை போட்டுவிட்டார். தலைவலிக்குக் கண் டாக்டர் மூக்குக்கண்ணாடி கொடுத்தார். தூக்கமில்லை என்றதற்கு இன்னொருவர் மாத்திரை கொடுத்தார். அடி, உதை பற்றி மட்டும் எந்த டாக்டரிடமும் அவள் வாயைத் திறந்ததில்லை. அது வீட்டு விஷயம். அதைப் போய் டாக்டரிடம் சொல்வார்களா?

போன வாரம் அந்தக் கை மகளின் தலைமுடியைப் பிடித்தது. கொத்தாக முடி பிய்ந்த பிறகுதான் பிள்ளை தப்பித்தாள். அன்றே பெரியம்மா வீட்டுக்குப் போனவள், “அப்பா இருக்கிற வீட்டுக்கு இனிமே வரமாட்டேன். நீ வேணா இங்க வந்துடும்மா” என்று சொல்லிவிட்டாள்.

இன்று சாயங்காலம் கடையை அடைத்ததும் மகளிடம் போய்விடுவது, அப்புறம் திரும்பிப் பார்ப்பதில்லை. காலையில் முகம் கழுவும்போது அவள் எடுத்த முடிவு அது. யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

“பொறுக்கி! கூடப் பிறந்தவனையே அறுக்கப் பார்த்தியேடா!”

கொழுந்தன் எழுந்து வந்து அண்ணன் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து விட்டான். வைரம் அசையவில்லை. குத்திய கை திரும்புவதற்குள் அவன் இடது கை தம்பியின் காலரைப் பிடித்துவிட்டது. காலரோடு தொண்டையும் பிடிக்குள் வந்துவிட்டது.

வலது கையில் கண்ணாடி. அது மெல்ல உயர்ந்தது.

அவள் பாய்ந்து அந்தக் கையில் தொங்கினாள். மொத்த பாரத்தையும் போட்டு இழுத்தாள். “விடுங்க! அவன் உங்க தம்பிங்க! விடுங்க!”

கொழுந்தனின் கண் பிதுங்கியது. உதடு கறுத்தது. கால் சில்லுகளின் மேல் சறுக்கியது. அவள் வைரத்தின் வலது கைக் கட்டைவிரலில் வாயை வைத்து, பல் எலும்பில் முட்டுகிற வரை கடித்தாள். வாயெல்லாம் உப்பு. கண்ணாடி மூலை விழுந்து நொறுங்கியது. இடது கை மட்டும் இளகவில்லை.

அப்போது வைரம் தம்பியின் சட்டையைக் குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“துணி நல்லா இருக்கே. எங்கடா எடுத்த?”

அந்தக் குரலில் ஒரு துளி கோபம்கூட இல்லை. வெயில் கொளுத்துதே என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

கொழுந்தன் பின்னால் துழாவினான். வெட்டும் மேஜையில், கோடு போட வைக்கிற நீளமான மரக்கோல் கைக்கு அகப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு வீசினான். முதல் அடி அண்ணன் தோளில். அடுத்தது தொண்டையைப் பிடித்திருந்த முன்கையில். காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. அது மரக்கோல் இல்லை.

கை அப்போதும் விடவில்லை. காலர்தான் கிழிந்தது.

*

கடை வேனை அவள் ஓட்டினாள். கொழுந்தன் பக்கத்தில், தோளில் சுற்றிய துணி நனைந்து கனத்தபடி. வைரத்தைப் பின்னால் கண்ணாடித் தாங்கிகளுக்கு நடுவே ஏற்றி, கதவை வெளியிலிருந்து பூட்டியாயிற்று. வழியெல்லாம் அவன் உள்ளிருந்து தகரச் சுவரை உதைத்துக்கொண்டே வந்தான். ஒவ்வொரு உதைக்கும் ஸ்டியரிங் அதிர்ந்தது.

“அண்ணி, ஏணியிலேருந்து விழுந்துட்டான்னு சொல்லிடுங்க.”

“நீயும் ஏணியிலேருந்து விழுந்தியா?”

“ஷீட் என் மேல விழுந்துச்சு. அது உண்மைதானே? கையை ஒடிச்சது தெரிஞ்சா என்னைப் பிடிச்சு உள்ள வைப்பாங்க அண்ணி. எனக்கு அவன் கையை உடைக்கணும்னா இருந்துச்சு? இன்னும் கொஞ்சம் போயிருந்தா நான் செத்திருப்பேன்.”

“தெரியும் தம்பி. நானும்தானே பார்த்தேன்.”

“பார்த்தீங்கல்ல? பார்த்தும் எப்படிக் கூட இருக்கீங்க? மனுஷனா அவன்? அண்ணன்னு சொல்லவே வாய் கூசுது. இன்னியோட அவனுக்கும் கடைக்கும் சம்பந்தம் இல்லை. நான் முடிவு பண்ணிட்டேன்.”

நானும்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். பின்னால் மறுபடி உதை விழுந்தது. கியரை மாற்றினாள்.

*

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் இருந்தார். முந்தின ராத்திரி தூங்காத முகம். வைரத்தின் வலது உள்ளங்கைக்குத் தையல் போட்டுக் கட்டினார். உடைந்த முன்கையில் பலகை வைத்துக் கட்டுப் போட நர்ஸ் குனிந்தபோது, அந்தக் கை அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையின் கயிற்றைப் பிடித்தது.

“சார், விடுங்க... சார்!”

கயிறு இறுகியது. நர்ஸின் தலை கட்டில் கம்பியில் மோதியது. ஓடி வந்த வார்டு ஆட்களில் ஒருவன் வைரத்தின் வயிற்றில் குத்தினான். இன்னொருவன் கட்டிலில் ஏறி, நெஞ்சின் மேல் முழங்காலை வைத்து அழுத்தினான். கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டிய பிறகுதான் நர்ஸ் மூச்சு விட்டாள். அதற்கப்புறமும் அவர்கள் நிறுத்தவில்லை. இரண்டு அறை, ஒரு குத்து. மூக்கிலிருந்து ரத்தம் எட்டிப் பார்த்தது.

“போதும், நிறுத்துங்கப்பா!” டாக்டர் நடுவே புகுந்தார். கட்டிலோடு அவனைத் துணிப் பட்டையால் கட்டச் சொல்லிவிட்டு, மூச்சு வாங்க அவர்கள் பக்கம் திரும்பினார். “குடிச்சிருக்காரா?”

“இல்லை” என்றாள் அவள்.

“ஆமா” என்றான் கொழுந்தன் அதே நேரத்தில். “குடிதான் டாக்டர். காலையிலேயே ஊத்திக்கிட்டான். குடி வெறியில ஏணியில ஏறி...”

பளார் என்று அவன் கன்னத்தில் விழுந்தது. அடித்தவளுக்கே அடித்த பிறகுதான் தெரிந்தது.

“எதுக்குடா பொய் சொல்ற? அவர் குடிச்சு நீ பார்த்திருக்கியா?”

“அப்ப நீங்க சொல்லுங்களேன்!” கொழுந்தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினான். “குடிக்கவும் இல்லை, பைத்தியமும் இல்லைன்னா அவன் யாரு? கொலைகாரனா? அதையாவது சொல்லுங்க!”

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை மாதம் எந்த முகங்களுக்குப் பயந்து வாயைக் கட்டிக்கொண்டிருந்தாளோ, அந்த மாதிரி முகங்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தது. ரவிக்கைக் கையைத் தோள் வரை சுருட்டினாள்.

மேல்கையில் பச்சையும் மஞ்சளுமாக விரல் தடங்கள் வரிசை வரிசையாக இருந்தன.

“இது இவர் பிடிச்சது. இதுவும் இவர்தான். கதவுல இடிச்சுக்கிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். பொண்ணு முடியைப் பிடிச்சு இழுத்துட்டார். முந்தி இப்படி இல்லை டாக்டர். ஒரு கண்ணாடி கீறினாக்கூட மனசு கேட்காத ஆளு. போன மாசம் அடுப்புல கேஸைத் திறந்து விட்டுட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கார். வாசல்ல நுழைஞ்ச எனக்குக் குமட்டுது, இவர் ‘என்ன வாசனை?’ன்னு கேட்கிறார். ராத்திரி படுக்கையை நனைச்சுடறார். வெட்கமே படறதில்லை. இன்னிக்குத் தம்பி கழுத்தைப் பிடிச்சார், விடலை. அவன்தான் மரக்கோலால அடிச்சுக் கையை ஒடிச்சான். வேற வழியில்லாமதான் அடிச்சான். ஏணியும் இல்லை, ஒண்ணும் இல்லை.”

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். “ஒடிஞ்ச கையாலயா நர்ஸைப் பிடிச்சார்?”

“ஆமா.”

“ஒடிஞ்ச கையால யாரும் அந்தப் பிடி பிடிக்க மாட்டாங்களே. வலியே கையைத் திறந்துவிட்டுடும்.” அவர் போனை எடுத்தார். “மேடம், கொஞ்சம் கீழே வர முடியுமா?”

*

வந்தவர் நரம்பு டாக்டர். நடுத்தர வயசுப் பெண்மணி. வேகமாகப் பேசினார், அதைவிட வேகமாகப் பார்த்தார். வைரத்தின் இடது பக்கப் பட்டையைத் தளர்த்தச் சொன்னார். வார்டு ஆள் தயங்கினான்.

“தளர்த்துப்பா. எனக்கும் உசிர் மேல ஆசை உண்டு, தள்ளித்தான் நிக்கறேன்.”

பேனாவின் அடிப்பக்கத்தால் அவன் உள்ளங்கையில் லேசாக ஒரு கோடு இழுத்தார். “இதைப் பிடிக்கக்கூடாது. சரியா?”

“சரி” என்றான் வைரம்.

விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிப் பேனாவைச் சுற்றிக்கொண்டன.

“பிடிக்கக்கூடாதுன்னு சொன்னேனே.”

“நான் எங்க பிடிச்சேன்?” வைரம் தன் கையை யாரோ அடுத்த வீட்டுக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். “அதுதான் பிடிக்குது.”

இத்தனை மாதத்தில் எத்தனை தடவை அவள் “விடுங்க” என்று கெஞ்சியிருப்பாள். அப்போதெல்லாம் அவன் இதையேதான் முணுமுணுத்தான். நக்கல் பண்ணுகிறான் என்று நினைத்து அவளும் திருப்பி அறைந்திருக்கிறாள்.

டாக்டர் அவன் கண்ணை மூடச் சொல்லி, மூக்கருகில் சோப்புக் கட்டியைக் காட்டினார்.

“என்ன வாசனை?”

“ஒண்ணுமில்லை. உங்க கை.”

“ஸ்கேன் எடுக்கணும். இப்பவே” என்றார் அவர். குரலில் இருந்த விளையாட்டு மட்டும் போயிருந்தது.

*

படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி அவர் விரல் வைத்த இடத்தில், நெற்றிக்குப் பின்னால், எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசாக வெள்ளையாக ஒன்று இருந்தது.

“கட்டி. மூளையோட முன்பக்கத்தை அமுக்கிட்டு இருக்கு. எதைப் பிடிக்கலாம், எதை விடணும், எதை அடக்கணும்னு பார்த்துக்கிற இடம் அது. வாசனை போனதும் இதனாலதான். பார்த்தா புற்றுநோய் மாதிரி தெரியலை. எடுத்த பிறகுதான் உறுதியாச் சொல்ல முடியும். இன்னிக்கு வீக்கத்துக்கு மருந்து குடுக்கறோம், நாளைக்கே ஆபரேஷன் வெச்சுக்கலாம்.”

கொழுந்தன் சத்தமில்லாமல் வெளியே போனான். சற்று நேரத்தில் தாழ்வாரத்திலிருந்து தொம், தொம் என்று கேட்டது. அவள் போய்ப் பார்த்தபோது, அவன் வலது முஷ்டியால் சுவரைக் குத்திக்கொண்டிருந்தான். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து, சுவரில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாகப் பதிந்திருந்தது. தோளில் புதிதாகப் போட்ட தையலும் கசிந்தது.

“தம்பி! பைத்தியமா உனக்கு?” முதுகைக் கட்டிப் பிடித்து இழுத்தாள்.

“நோயாளியைப் போட்டு விறகு மாதிரி அடிச்சிருக்கேன் அண்ணி. என் அண்ணனை! தெருவுல போற நாயைக்கூட அப்படி அடிக்க மாட்டாங்க.”

“அடிக்கலைன்னா இங்க வந்திருக்க மாட்டோம். உட்காரு. தண்ணி குடி.”

“நீங்க போயிடாதீங்க அண்ணி. எனக்குத் தெரியும், நீங்க கிளம்பற மாதிரிதான் இருந்தீங்க. காலையிலேருந்து யார்கிட்டயும் பேசலை. போயிடாதீங்க. அவன் இல்லையாம் அதெல்லாம் பண்ணினது. கட்டிதானாம்.”

கட்டிதானாம். அந்த வார்த்தையை அவள் மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கி நடந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவர் இல்லை. என் புருஷன் இல்லை. எலுமிச்சம்பழம்.

மகளுக்குப் போன் போட்டாள். தாழ்வாரத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே மூச்சு விடாமல் சொன்னாள். ஷீட், கழுத்து, ஒடிந்த கை, பேனா, படம். “அப்பா நம்மளை அடிக்கலைடி கண்ணு. எல்லாம் அந்தக் கட்டி பண்ணின வேலை. எடுத்துட்டா சரியாப் போயிடும். நீ வந்துடு. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடு.”

மறுமுனையில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

“இருக்கியாடி?”

“இருக்கேன்மா. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” பிள்ளையின் குரல் உடைந்தது. பிறகு தேறியது. “அம்மா, ஒண்ணு கேட்கவா? நான் ஸ்கூல்ல சேர்ந்த புதுசுல, உன்னை மாடிப்படியிலேருந்து தள்ளிவிட்டாரே. உன் பல்லு உடைஞ்சுதே. அதுவும் கட்டியா?”

அவள் நடை நின்றது.

“அது... நான் வழுக்கி விழுந்தேன்டி. யார் உனக்கு...”

“நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னுட்டு இருந்தேன்.”

எத்தனை வருஷம்! தூங்குகிறாள் என்றல்லவா நினைத்திருந்தாள். அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. அம்மாவிடம், அக்காவிடம்கூட. சற்றுமுன் இளம் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டியபோதும், ‘முந்தி இப்படி இல்லை’ என்றுதான் வந்ததே தவிர, அந்தப் படிக்கட்டு வாய்க்கு வரவில்லை.

“அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டு நரம்பு டாக்டரின் அறைக்கு ஓடினாள். அவர் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“டாக்டர், அந்தக் கட்டி எப்பலேருந்து இருக்கு?”

“மெதுவா வளர்ற ரகம். சில வருஷமா இருக்கலாம், பல வருஷமா இருக்கலாம்.”

“என் பொண்ணு சின்னப் பிள்ளையா இருந்தப்போ இருந்திருக்குமா?”

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். கேட்கிற கேள்வி எது என்று புரிந்தவராக நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார்.

“சொல்ல முடியாதும்மா. யாராலயும் சொல்ல முடியாது. எடுத்த பிறகு இந்தப் பிடியும் மூர்க்கமும் குறையலாம். அதுக்கு முன்னாடி அவர் எப்படிப்பட்ட மனுஷனா இருந்தாரோ, அந்த மனுஷன் திரும்பி வரலாம். அது யாருன்னு உங்களுக்குத்தான் தெரியும்.”

*

வார்டில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கடை அடைக்கிற நேரம். மருந்து இறங்கியதில் வைரம் அடங்கியிருந்தான். வலது கை கட்டிலோடு கட்டியிருந்தது. பலகை வைத்துக் கட்டிய இடது கையை மட்டும் அவிழ்த்துவிட்டிருந்தார்கள். மூக்கு வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது. வாசலில் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“ஏய், வா வா. இங்க சோறு போடறாங்களாம். நீ சமைக்க வேண்டாம், ஜாலிதான் உனக்கு.”

அவள் வாசல் நிலையிலேயே நின்றாள்.

“ஏன் அங்கேயே நிக்கற? இப்படி வந்து உட்காரேன்.” இடது கையைப் படுக்கை விளிம்பில் தட்டினான். உள்ளங்கை மேல்நோக்கித் திறந்திருந்தது.

சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்தாள். கட்டிலை நோக்கி இரண்டு மூன்று எட்டு தள்ளிக்கொண்டு வந்தாள். நிறுத்தி, அந்தக் கையின் நீளத்தைக் கண்ணால் அளந்தாள். அதற்கு ஒரு சாண் இந்தப் பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஏங்க, ஒண்ணு கேட்பேன். யோசிச்சுச் சொல்லணும்.”

“கேளு.”

“பழைய வீட்டு மாடிப்படி ஞாபகம் இருக்கா? என் பல்லு உடைஞ்ச அன்னிக்கு?”

காலையிலிருந்து எதற்கும் அவனிடம் ஒரு பதில் இருந்தது. தம்பியின் தொண்டையைப் பிடித்துக்கொண்டே பேசினான், அடி வாங்கிக்கொண்டே பேசினான். இப்போது உதடு பிரிந்தது, பேச்சு வரவில்லை. சிரிப்பு மட்டும் முகத்திலிருந்து மெதுவாக இறங்கிப் போனது.

அவள் காத்திருந்தாள்.

வைரம் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.